அத்தியாயம் 7: மிதித்தால் உதறும் வண்டி

என்னிடம் இருந்த 1998 மாருதி 800 ஒரு மழைக்காலத்தில் உதற ஆரம்பித்தது. தனியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால், வண்டியின் மூக்கு இடமும் வலமுமாக ஆடும். காலை எடுத்தால் சட்டென்று அடங்கிவிடும். பட்டறைக்குப் போய், "அண்ணே, வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்றேன். மிஸ்ஸிங் என்று சொன்னால் எந்த மெக்கானிக்கும் முதலில் பிளக்கைத்தான் கழற்றுவார். அவரும் கழற்றினார். பிளக் மாறியது, பிளக் வயர் மாறியது, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். உதறல் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில் இடதுபக்க ஆக்ஸிலின் உள்ஜாயிண்ட்டைக் கழற்றியபோது, அதன் உட்சுவரில் நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. மெக்கானிக் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் சொன்னதை நம்பி அவர் வேலை செய்தார். ஆள் ஏறினால்தான் வருகிறது, மிதித்தால்தான் வருகிறது, பக்கவாட்டில் ஆடுகிறது என்ற மூன்று விவரங்களையும் சொல்லியிருந்தால், அவர் நேராக ஆக்ஸிலுக்குப் போயிருப்பார்.

உதறலுக்குக் காரணம் தேடும் வேலை ஓட்டுநர் இருக்கையில்தான் தொடங்குகிறது. எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, எங்கே தெரிகிறது என்பதைக் கவனித்துச் சொல்லத் தெரிந்தவருக்குப் பாதிச் செலவு மிச்சம். இந்த அத்தியாயம் அதற்குத்தான்.

வண்டியை எடுக்கும் முன்

சோதனை ஓட்டத்துக்குப் போகுமுன் பத்து நிமிடம் செலவிடுங்கள். இதில் பாதி உங்கள் பாதுகாப்புக்கானது.

முதலில் சக்கர நட்டுகள். அண்மையில் பஞ்சர் போட்டிருந்தால், அந்தச் சக்கரத்தில் நட்டு சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம். ஒவ்வொன்றையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். தளர்ந்த நட்டும் உதறலைத் தரும். அதைக் கவனிக்காமல் விட்டால் சக்கரமே கழன்றுவிடும்.

அடுத்து டயர். காற்று சரியாக இருக்கட்டும். டயரின் மேற்பரப்பையும் உள்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது வீங்கியிருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அந்த டயரோடு சோதனை ஓட்டம் வேண்டாம்.

முன்சக்கர இழுவை வண்டியானால், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆக்ஸிலின் மேல் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். பட்டறையில் இதை ஆக்ஸில் பூட் என்பார்கள். அது கிழிந்து, சுற்றிலும் கிரீஸ் தெறித்திருந்தால், முதல் சந்தேகம் அங்கேதான். கிரீஸ் வெளியேறி மண் உள்ளே புகுந்த ஜாயிண்ட் வெகுநாள் தாங்காது.

மூன்று சோதனைகள்

போக்குவரத்து இல்லாத நேரான ஒரு சாலை, முடிந்தால் ஒரு ஏற்றமும் உள்ளது, தேவை. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டுங்கள், அவர் குறிப்பேட்டில் எழுதட்டும். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு தொடங்குங்கள். குளிர்ந்த இஞ்சினில் மட்டும் உதறல் வருகிறது என்றால் அதையும் தனியாகக் குறியுங்கள்.

முதல் சோதனை: காலை எடுத்துப் பார்ப்பது. உதறல் வரும் வேகத்துக்குக் கொண்டுபோய், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் அதிகம் குறைவதற்குள் உதறல் நின்றுவிட்டதா? நின்றால், இஞ்சின் இழுக்கும்போது மட்டும் வரும் குறை. இஞ்சினிலோ, அதன் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாதையிலோ இருக்கிறது. காலை எடுத்தும் அதே வேகத்தில் தொடர்ந்தால் சக்கரம், டயர், ரிம் பக்கம் பாருங்கள்.

இரண்டாவது சோதனை: கியரை மாற்றிப் பார்ப்பது. நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் உதறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கியருக்கு மாற்றி, அதே 50-ல் அதே மாதிரி மிதியுங்கள். உதறல் அதே வேகத்தில், அதே தாளத்தில் வந்தால், அது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பொருளில் இருக்கிறது: ஆக்ஸில், ஜாயிண்ட், சக்கரம். ஏனென்றால் கியர் மாறினாலும் 50 கி.மீ. வேகத்தில் சக்கரம் சுற்றும் எண்ணிக்கை மாறுவதில்லை. கியர் மாறியதும் உதறல் வேறு வேகத்துக்கு நகர்ந்தாலோ, தாளம் மாறினாலோ, காரணம் இஞ்சினின் சுற்றைப் பின்தொடர்கிறது.

மூன்றாவது சோதனை: சுமை ஏற்றிப் பார்ப்பது. மேல் கியரில், 40 கி.மீ. வேகத்தில், ஏற்றத்தில் சற்று அழுத்தி மிதியுங்கள். பலவீனமான பாகம் எதுவாக இருந்தாலும் இங்கே காட்டிக்கொடுக்கும். சில விநாடிகள் போதும். நீண்ட நேரம் இப்படித் திணறடிப்பது இஞ்சினுக்கு நல்லதில்லை.

ஏன் இந்தச் சோதனைகள் பலன் தருகின்றன என்பதை ஒரு கணக்கில் புரிந்துகொள்ளலாம். மாருதி 800-இன் 145/70 ஆர்12 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.6 மீட்டர் உருளும். 60 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. ஆக, சக்கரம் விநாடிக்குப் பத்து முறைக்குச் சற்று மேல் சுற்றும். டாப் கியரில் இஞ்சின் அதைப்போல் சுமார் நான்கு மடங்கு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் குறை மெதுவான குலுக்கலாக வரும். ஒன்று, இரண்டு என்று எண்ண முயலலாம் போலத் தோன்றும். இஞ்சினின் குறை அதைவிட வேகமான அதிர்வாகவோ, ஒழுங்கில்லாத வெட்டலாகவோ தெரியும். கைக்கும் முதுகுக்கும் இந்த வேறுபாடு நன்றாகப் பிடிபடும்.

எங்கே தெரிகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கில் என்றால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கையின் அடியில் என்றால் பின்சக்கரமோ, பின்சக்கர இழுவை வண்டியின் ஷாஃப்டோ. டேஷ்போர்டும் கியர் லீவரும் சேர்ந்து ஆடினால் இஞ்சின் அல்லது அதன் மவுண்டிங்.

இஞ்சின் பக்கம் என்றால்: பொறி, பெட்ரோல், காற்று

இஞ்சின் சுமை இல்லாமல் சும்மா ஓடும்போது நன்றாக இருந்து, மிதித்ததும் வெட்டி வெட்டி இழுத்தால் முதலில் மின்பொறியைச் சந்தேகியுங்கள். மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்றும் பெட்ரோலும் புகுந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய இடத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். வயதான காயிலும் விரிசல் விட்ட பிளக் வயரும் அந்த வோல்டேஜைத் தாங்காமல் வேறு வழியில் கசியவிட்டுவிடும். அந்தச் சிலிண்டர் வேலை செய்யாமல் போகும். மூன்று சிலிண்டர் உள்ள 796 சிசி இஞ்சினில் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடுகிறது. அதனால்தான் சிறிய கார்களில் இந்தக் குறை இவ்வளவு பலமாக உதறுகிறது.

இதைப் பார்க்க எளிய வழி, இருட்டு. இரவில் விளக்கில்லாத இடத்தில் இஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, பிளக் வயர்கள் மேல் தண்ணீரை மெல்லிய தூவலாக அடியுங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி தாவுவது கண்ணுக்குத் தெரியும். கையால் தொட வேண்டாம். விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் துணியையும் தலைமுடியையும் தள்ளி வையுங்கள். மழை நாளில் மட்டும் உதறும் வண்டிக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் விடை சொல்லிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகளில் அதன் கேப்பைக் கழற்றி உள்ளே மெல்லிய கருங்கோடு ஓடுகிறதா, ரோட்டரின் முனை அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளக்கைக் கழற்றினால் தூக்கிப் போடாமல் வரிசையாக வையுங்கள். எந்தச் சிலிண்டரிலிருந்து எது வந்தது என்பது முக்கியம். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிறது, அல்லது அந்தச் சிலிண்டரில் சரியாக எரியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் இஞ்சின் ஆயில் மேலேறுகிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். எல்லா பிளக்கும் ஒரே மாதிரி இருந்தால் குறை பொதுவானது. ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரை விடாதீர்கள். பிளக், வயர், காயில் எல்லாம் நன்றாக இருந்தும் அந்தச் சிலிண்டர் மட்டும் இழுக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம்.

பெட்ரோல் குறைக்குக் குணம் வேறு. பொறி தவறினால் வெடுக்கென்று வெட்டும். பெட்ரோல் போதாமல் போனால் வண்டி மூச்சுத் திணறுவது போல மெதுவாகத் தளரும். எந்த நொடியில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். கார்புரேட்டர் வண்டியில் மிதித்த மறுநொடியே ஒரு தொய்வு வந்து, பிறகு சரியாக ஓடினால், ஆக்சிலேட்டர் பம்ப் பழுதாக இருக்கலாம். இஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டரை ஒருமுறை இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது வழி அடைத்திருக்கும். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது.

ஏற்றத்தில் நன்றாகத் தொடங்கி, பத்துப் பதினைந்து விநாடி இழுத்த பிறகு தளர்ந்து உதறினால், ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப் பலவீனம். தேங்கியிருந்த பெட்ரோல் தீரும்வரை ஓடும், பிறகு வரத்து போதாது. ஃபியூல் ஃபில்டர் விலை குறைந்த பொருள். எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் மாற்றிவிடுவதே சரி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாதக் கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் இளக்கும், வெடிக்கவைக்கும். நாற்பது ரூபாய் ஹோஸ்தானே என்று விடாதீர்கள். அது கசிந்தால் தீ.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு தலைகீழ் அடையாளம் இருக்கிறது. ஐட்லிங்கில் தடுமாறி, வேகம் பிடித்ததும் சரியானால் எங்கோ வேக்குவம் ஹோஸ் கழன்றிருக்கிறது அல்லது கார்புரேட்டர் அடி கேஸ்கெட் போயிருக்கிறது. பொறிக்குறை இதற்கு நேர் எதிராக, ஐட்லிங்கில் ஒளிந்திருந்து மிதித்ததும் வெளியே வரும்.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் செக் இஞ்சின் விளக்கு எரிந்தால், சிமிட்டினால், ஸ்கேனர் வைத்துப் பாருங்கள். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் பொறி தவறுகிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில். விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்போது தொடர்ந்து ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வழியே போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். அதே காரணத்தால், கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் பிளக் வயரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இஞ்சினை ஓடவிடும் பழைய முறையும் வேண்டாம்.

சக்தி போகும் பாதை என்றால்: மவுண்டிங், ஆக்ஸில், ஷாஃப்ட், கிளட்ச்

பலர் தவறவிடும் பகுதி இது. மிதித்தால் உதறல், காலை எடுத்தால் அமைதி. ஆனால் இஞ்சின் சத்தம் சீராக இருக்கிறது, எங்கும் வெட்டவில்லை. இப்படி என்றால் இஞ்சினை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள்.

முன்சக்கர இழுவைக் கார்களில் ஒவ்வோர் ஆக்ஸிலுக்கும் இரண்டு ஜாயிண்ட். வெளிஜாயிண்ட் தேய்ந்தால், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது "டக் டக்" என்று தட்டும். அது எல்லோருக்கும் தெரியும். உள்ஜாயிண்ட் தட்டாது, உதறும். பல கார்களில் இதற்குள் மூன்று உருளைகள் மூன்று பள்ளங்களில் ஓடும். மிதிக்கும்போது அந்த உருளைகள் சுவரில் பலமாக அழுந்துகின்றன. சுவர் தேய்ந்து குழி விழுந்திருந்தால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது மூன்று முறை தடுக்கி, ஆக்ஸிலைப் பக்கவாட்டில் தள்ளும். முன்பகுதி இடமும் வலமுமாக ஆடுவதன் காரணம் இதுதான். பின்சீட்டில் ஆள் ஏறினால் வண்டியின் மூக்கு சற்று உயர்கிறது, ஆக்ஸிலின் கோணம் கூடுகிறது, உதறலும் கூடுகிறது. என் மாருதி தனியாக ஓட்டியபோது அமைதியாக இருந்ததற்கு விளக்கம் இங்கே கிடைத்தது.

ஆனால் ஆக்ஸிலுக்குப் போகுமுன் மவுண்டிங்கைப் பார்த்துவிடுங்கள். இஞ்சின் மவுண்டிங் தளர்ந்தால் இஞ்சின் சாய்ந்து, நல்ல ஜாயிண்ட்டையே தவறான கோணத்தில் ஓடவைக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தமாக மிதித்து, முதல் கியரில் கிளட்சை மிக மெதுவாகச் சற்றே விடுங்கள், ரிவர்ஸிலும் அப்படியே. பானெட் திறந்திருக்க, ஒருவர் வண்டியின் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது. இஞ்சின் லேசாக அசைவது இயல்பு. ஒரு பக்கம் எழும்பி "தொம்" என்று விழுந்தால் அந்தப் பக்க மவுண்டிங் ரப்பர் பிய்ந்திருக்கிறது.

அம்பாசடர், பத்மினி, ஆம்னி போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் நீளமான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இருக்கிறது. அதன் கிராஸ் ஜாயிண்ட் தேய்ந்தால், கியர் போட்டுக் கிளட்சை விடும்போது அடியில் ஒரு "டங்" கேட்கும், மிதித்தால் தரை அதிரும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இஞ்சினை அணைத்து, ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஜாயிண்ட்டில் ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஷாஃப்டின் இரு முனைகளும் பழைய நிலையிலேயே பொருந்தும்படி சுண்ணக்கட்டியால் குறியிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். குறி தவறினால் புது ஜாயிண்ட் போட்டும் அதிர்வு நிற்காது. அம்பாசடரில் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து, யூ போல்ட் லூசானாலும், புறப்படும்போது பின் அச்சு முறுகி உதறும்.

நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது மட்டும், அதுவும் பாதிக் கிளட்சில் மட்டும் உதறினால், அது கிளட்ச் பிளேட். பிளேட்டில் ஆயில் படிந்திருக்கலாம், பிரஷர் பிளேட் சூட்டில் திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கலாம். ஆயில் படிந்ததென்றால் அது எந்த சீலிலிருந்து வந்தது என்று பார்த்து அதையும் சேர்த்து மாற்றுங்கள். பிளேட்டை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே கூலியை மறுபடியும் கொடுக்க நேரும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலை எதற்கும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள். ஸ்டாண்டு இல்லை என்றால் அந்த வேலையைப் பட்டறைக்கு விடுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது

குறிப்பேட்டில் எழுதியதை நான்கைந்து வரியாகச் சுருக்குங்கள். "வண்டி சூடான பிறகு வருது. மூணாவது, நாலாவது ரெண்டு கியர்லயும் 50-ல வருது. காலை எடுத்தா நின்னுடுது. ஸ்டியரிங் பக்கவாட்டுல ஆடுது. நாலு பேர் ஏறினா அதிகம். போன மாசம் கிளட்ச் வேலை பார்த்தோம்." இவ்வளவு போதும். கடைசி வரியை மறக்க வேண்டாம். அண்மையில் கைவைத்த இடத்தில்தான் பல உதறல்கள் தொடங்குகின்றன. "பிக்கப் இல்லை", "மிஸ்ஸிங்" போன்ற சொற்களைத் தவிருங்கள். அவை நீங்கள் செய்த முடிவுகள். அவருக்குத் தேவை நீங்கள் கண்டவை. முடிந்தால் அவரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, உதறல் வரும் நொடியைக் காட்டுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த முறை அதே உதறல் வரும்போது மறுபடி மூன்றுக்கும் பணம் கொடுப்பீர்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குறை கண்ணுக்குத் தெரிய வேண்டும்: பிய்ந்த ரப்பர், பள்ளம் விழுந்த சுவர், அரித்த முனை.

வேலை முடிந்ததும், முதலில் போன அதே சாலைக்கு, அதே ஆட்களோடு, அதே கியரில், அதே வேகத்தில் போய் மிதித்துப் பாருங்கள். நான் புது ஆக்ஸிலோடு அந்த மேம்பாலம் ஏறியபோது பின்சீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது கியரில் மிதித்தேன். ஸ்டியரிங் கையில் அசையாமல் நின்றது. அன்று குறிப்பேட்டில் தேதியையும் கிலோமீட்டரையும் மாற்றிய பொருளையும் எழுதி வைத்தேன். அந்த வண்டியை அடுத்தவருக்கு விற்றபோது சாவியோடு அந்தக் குறிப்பேட்டையும் கொடுத்தேன்.